லினக்ஸ் இயங்குதளத்தில் வரைபலகை அமைத்தல்

வரைபலகை என்பது கையால் வரையும் கோட்டைக் கணினிக்குள் செலுத்தப் பயன்படும் ஓர் உள்ளீட்டுக் கருவி ஆகும். தட்டையான ஒரு பலகையும் அதன்மீது வரைவதற்கான ஓர் எழுத்தாணியும் இதன் உறுப்புகள். சுட்டெலி தான் நகர்ந்த தொலைவை மட்டுமே கணினிக்குத் தெரிவிக்கிறது. வரைபலகை எழுத்தாணி நிற்கும் இடத்தையும், அது அழுத்தப்படும் அளவையும், சில வகைகளில் அதன் சாய்வையும் தெரிவிக்கிறது. இதனால் தூரிகையில் வருவதைப் போன்று மெலிந்தும் தடித்தும் செல்லும் கோடுகளைக் கணினியில் வரைய முடிகிறது.

லினக்ஸ் கருனியை அடிப்படையாகக் கொண்ட கட்டற்ற இயங்குதளங்களில் பெரும்பாலான வரைபலகைகளுக்கான இயக்கிகள் இயங்குதளத்துடனேயே வருகின்றன. எனினும் பலகையின் பரப்பு, அழுத்தம், வரையும் மென்பொருள், அச்சுக்கான நிறங்கள் ஆகியவற்றைப் பயனர் தனித்தனியே அமைத்துக்கொள்ள வேண்டும். விருதுநகர் மாவட்டத்தில் உள்ள சிவகாசி போன்ற அச்சு நகரங்களுக்காக வரைவோர்க்கு இவற்றுள் இறுதியானது மிக இன்றியமையாதது. திரையில் அழகாகத் தோன்றும் படம் தாளில் மங்கியோ கலங்கியோ வரக்கூடும். அச்சான பின்னர் அதைத் திருத்த இயலாது.

சிவகாசியும் கைவரைபடமும்

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அதன்பின் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலும், தொடர்ந்து பட்டாசுத் தொழிலும் வளர்ந்தன. தீப்பெட்டிக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் ஒட்டுவதற்கு லேபிள்கள் தேவைப்பட்டன. இத்தேவையே அந்நகரில் அச்சுத் தொழில் வேரூன்றக் காரணமாயிற்று. பின்னர் நாட்காட்டி, நாட்குறிப்பு, பாடநூல், குறிப்பேடு ஆகியவையும் இங்கு அச்சிடப்பட்டன. ஒவ்வோர் ஆண்டும் ஆடிப்பெருக்கு நாளில் அடுத்த ஆண்டுக்கான நாட்காட்டிகளின் மாதிரித் தொகுப்புகளை வெளியிடுவது சிவகாசி நாட்காட்டி உற்பத்தியாளர்களின் வழக்கம்.

இத்தொழில்கள் அனைத்திற்கும் ஓவியர்கள் தேவைப்பட்டனர். அவர்களுள் குறிப்பிடத்தக்கவர் கொண்டைய ராஜு (1898–1976). அண்டை மாவட்டமான தூத்துக்குடியின் கோவில்பட்டியில் வாழ்ந்த இவரும் இவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிகளாக அச்சேறி இந்தியா முழுவதும் பரவின.

கல்லச்சு முறையில் ஒவ்வொரு நிறத்திற்கும் ஒரு தனிக் கல் வேண்டும். நிறங்களைப் பிரித்து ஒவ்வொரு கல்லிலும் வரைவது தேர்ந்த கைவினைஞரின் பணியாக இருந்தது. ஆப்செட் அச்சு வந்தபின் ஒளிப்படக் கருவியும், பின்னர் கணினியும் இப்பணியை மேற்கொண்டன. ஆயினும் ஒவ்வொரு மைக்கும் ஒரு தனித் தகடு என்ற அடிப்படை மாறவில்லை. வரைபலகையில் வரைபவரும் இறுதியில் இத்தகடுகளுக்காகவே வரைகிறார்.

வரைபலகை இயங்கும் முறை

இன்றைய வரைபலகைகளில் பெரும்பாலானவை மின்காந்த ஒத்ததிர்வு முறையில் இயங்குகின்றன. பலகையின் மேற்பரப்புக்குக் கீழே கம்பிச் சுருள்களின் வலையமைப்பு ஒன்று உள்ளது. அது மாறுதிசைக் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. எழுத்தாணியினுள் உள்ள சுருளும் மின்தேக்கியும் சேர்ந்து அப்புலத்திலிருந்து ஆற்றலைப் பெற்று, குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மறுகுறிகையை அனுப்புகின்றன. எந்தச் சுருளில் அக்குறிகை வலிமையாக உள்ளது என்பதைக் கொண்டு எழுத்தாணியின் இடம் கணிக்கப்படுகிறது. எழுத்தாணிக்கு மின்கலம் தேவைப்படாததற்கு இதுவே காரணம். 1983 ஆம் ஆண்டில் சப்பானில் தொடங்கப்பட்ட வாகொம் நிறுவனம் இத்துறையில் முன்னோடி ஆகும். ஹுயான், எக்ஸ்பி-பென் முதலிய சீன நிறுவனங்களின் விலை குறைந்த பலகைகளும் இன்று பரவலாக உள்ளன.

விளம்பரங்களில் கூறப்படும் 2048, 4096, 8192 என்னும் எண்கள் அழுத்தப் படிநிலைகளைக் குறிப்பன. இவை முறையே 2இன் 11, 12, 13 ஆம் அடுக்குகள் ஆகும். படிநிலை மிகுதியாக இருப்பதைவிட, மிக மெல்லிய தொடுகையைப் பலகை உணர்கிறதா என்பதே வரைபவருக்கு முதன்மையானது.

லினக்ஸில் உள்ள அடுக்குகள்

எழுத்தாணியின் அசைவு கோடாக மாறுவதற்குள் பல மென்பொருள் அடுக்குகளைக் கடக்கிறது. சிக்கல் எந்த அடுக்கில் உள்ளது என்பதை அறிந்தால் தீர்வு எளிதாகும்.

1. கருனி: யூஎஸ்பி வழியாக வரும் தரவைப் படித்து, இடம், அழுத்தம், பொத்தான் என நிகழ்வுகளாக மாற்றுகிறது. வாகொம் பலகைகளுக்கான இயக்கி கருனியிலேயே உள்ளது. பிற நிறுவனங்களின் பல பலகைகளுக்கு, டிஜிமெண்ட் திட்டத்தில் வளர்க்கப்பட்டுக் கருனியில் சேர்க்கப்பட்ட யூசிலாஜிக் இயக்கி உதவுகிறது.

2. லிப்வாகொம்: இது பலகைகளைப் பற்றிய விவரத் தொகுப்பு. எந்தப் பலகைக்கு எத்தனை பொத்தான்கள், பரப்பு எவ்வளவு, திரை உண்டா என்னும் செய்திகள் இதில் உள்ளன. பெயரில் வாகொம் இருப்பினும் பிற நிறுவனங்களின் பலகைகளும் இதில் இடம்பெறுகின்றன.

3. லிப்இன்புட்: கருனி தரும் நிகழ்வுகளை ஒழுங்குபடுத்தி மேலுள்ள அடுக்குக்கு அளிக்கிறது. இங்கு அழுத்தம் 0 முதல் 1 வரையிலான எண்ணாக மாற்றப்படுகிறது. பழைய எக்ஸ் சாளர முறைமையில் வாகொமுக்கென எழுதப்பட்ட தனி இயக்கி இப்பணியைச் செய்கிறது.

4. பணிச்சூழல்: குனோம், கேடிஇ பிளாஸ்மா ஆகியவற்றின் அமைப்புச் சாளரங்களில் பரப்பு, பொத்தான், அழுத்தம் ஆகியவற்றை மாற்றலாம்.

5. வரையும் மென்பொருள்: கிரிட்டா, கிம்ப், மைபெயின்ட், இங்க்ஸ்கேப் முதலியன.

அமைக்கும் படிமுறை

இணைத்துச் சோதித்தல்

பலகையை யூஎஸ்பி வடத்தால் இணைத்தவுடன் சுட்டுக்குறி எழுத்தாணியுடன் நகர்ந்தால் கருனி அதை அறிந்துகொண்டது எனலாம். நகராவிடில், முனையத்தில் யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் கட்டளையை இட்டுப் பலகை அதில் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். வாகொம் கருவிகள் 056ஏ என்னும் எண்ணாலும், ஹுயான் கருவிகள் 256சி என்னும் எண்ணாலும் அடையாளம் காணப்படும். பட்டியலிலேயே இல்லையெனில் வடத்தையோ யூஎஸ்பி துளையையோ மாற்றிப் பார்க்க வேண்டும். பட்டியலில் இருந்தும் இயங்கவில்லையெனில் இயக்கி இல்லை என்பது பொருள். புதிய கருனிக்கு மாறுவது முதல் தீர்வாகும்.

லிப்இன்புட்டுடன் வரும் சோதனைக் கருவி, எழுத்தாணியின் இடத்தையும் அழுத்தத்தையும் எண்களாகக் காட்டும். அங்கு அழுத்தம் மாறுவது தெரிந்தும் கோடு ஒரே தடிப்பில் வந்தால், பிழை வரையும் மென்பொருளின் அமைப்பில் உள்ளது.

பரப்பைப் பொருத்துதல்

பலகையின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 216 மி.மீ. அகலமும் 135 மி.மீ. உயரமும் கொண்ட பலகையை 1920 × 1080 படப்புள்ளிகள் கொண்ட திரையுடன் அப்படியே இணைத்தால், கிடையாக ஒரு மி.மீ.க்கு 8.9 படப்புள்ளிகளும் நெடுக்காக 8 படப்புள்ளிகளும் அமையும். கை வட்டமாகச் சுழன்றாலும் திரையில் 11 விழுக்காடு அகன்ற நீள்வட்டமே தோன்றும். பட்டாசுப் பெட்டிக்குத் தரைச்சக்கரம் வரைபவருக்குக் கை பழகவில்லை என்ற எண்ணத்தை இது உண்டாக்கும். உண்மையில் பிழை கையில் இல்லை.

இதைத் தீர்க்க, பலகையின் உயரத்தில் 121.5 மி.மீ. மட்டும் பயன்படுமாறு அமைக்க வேண்டும். குனோம் அமைப்பில் விகிதத்தைக் காக்கும் தெரிவு இதைத் தானே செய்துவிடும். இரு திரைகள் இணைக்கப்பட்டிருந்தால் பலகையை ஒரு திரைக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். இல்லையெனில் உருக்குலைவு இரு மடங்கிற்கும் மேலாகும். இடக்கையால் வரைபவர்கள் பலகையை 180 பாகை திருப்பிவைத்து, அமைப்பிலும் அவ்வாறே குறிப்பிடலாம்.

அழுத்த வளைகோடு

கையின் அழுத்தத்தைக் கோட்டின் தடிப்பாக மாற்றும் தொடர்பை அழுத்த வளைகோடு காட்டுகிறது. எக்ஸ் சாளர முறைமையில் எக்ஸ்செட்வாகொம் என்னும் கட்டளை இதை நான்கு எண்களால் குறிக்கிறது. 0, 0, 100, 100 என்பது நேர்கோடு. 0, 75, 25, 100 என அமைத்தால் மெல்லிய தொடுகையிலேயே தடித்த கோடு வரும். மென்மையான கைக்கு இது ஏற்றது. 75, 0, 100, 25 என்பது அழுத்தி எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஏற்றது. கருவியைக் கழற்றி மீண்டும் இணைக்கும்போது இவ்வமைப்புகள் அழிந்துவிடும். ஆதலால் இக்கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதிவைத்து மீண்டும் இயக்குவது வழக்கம்.

அண்மைய உபுண்டு, டெபியன் ஆகியவற்றின் குனோம் பணிச்சூழலில் எக்ஸுக்கு மாற்றாக வேலண்ட் இயல்பாக அமைந்துள்ளது. வேலண்டில் எக்ஸ்செட்வாகொம் இயங்காது. பணிச்சூழலின் அமைப்புச் சாளரத்திலோ, வரையும் மென்பொருளுக்குள்ளோ வளைகோட்டை மாற்ற வேண்டும். பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றுவோர் தடுமாறும் இடம் இதுவே.

கருனியில் ஆதரவு இல்லாத பலகைகள்

சில நிறுவனங்கள் லினக்ஸுக்கெனத் தாமே இயக்கிகளை வெளியிடுகின்றன. அவற்றின் மூலநிரல் பெரும்பாலும் வெளியிடப்படுவதில்லை. ஓபன்டேப்லட்டிரைவர் என்பது பல நிறுவனங்களின் பலகைகளை இயக்கும் கட்டற்ற மாற்று ஆகும். இதை நிறுவும்போது கருனியில் உள்ள வாகொம், யூசிலாஜிக் இயக்கிகளை முடக்கிவைக்க வேண்டும். ஒரே பலகையை இரண்டு இயக்கிகள் ஆள முயன்றால் சுட்டுக்குறி துள்ளும் அல்லது அசையாது நிற்கும்.

வரையும் மென்பொருள்கள்

கிரிட்டா: கேடிஇ சமூகத்தின் ஓவிய மென்பொருள். 1999 ஆம் ஆண்டில் இதன் ஆக்கம் தொடங்கியது. அழுத்த வளைகோட்டை மாற்றும் வசதியும், பலகையைச் சோதிக்கும் சாளரமும், நடுங்கும் கையின் கோட்டைச் சீராக்கும் நிலைநிறுத்தியும் இதில் உள்ளன. அச்சுக்கான நான்கு நிற முறையில் நேரடியாக வரைய இயல்வது இதன் சிறப்பு. பிரெஞ்சு ஓவியர் தாவீது ரெவுவா 2014 முதல் வெளியிட்டு வரும் பெப்பர் அண்ட் கேரட் என்னும் படக்கதை, கிரிட்டாவைக் கொண்டு வரையப்படுவதாகும்.

கிம்ப்: ஒளிப்படத் திருத்தத்திற்குப் பெயர்பெற்றது. 2.10 வரையிலான பதிப்புகளில், உள்ளீட்டுக் கருவிகள் சாளரத்தில் எழுத்தாணியின் நிலையைத் திரை என மாற்றினால்தான் அழுத்தம் உணரப்படும். 2025 ஆம் ஆண்டில் வெளியான 3.0 பதிப்பில் இத்தேவை நீங்கியது.

இங்க்ஸ்கேப்: திசையன் வரைபடங்களுக்கானது. எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதையாது என்பதால் வணிகச் சின்னம், பெயர் எழுத்து, சட்டக்கோடு ஆகியவற்றுக்கு ஏற்றது.

படத்தின் அளவும் நினைவகமும்

வரையத் தொடங்கும் முன்னரே அச்சின் அளவை முடிவு செய்ய வேண்டும். சிறிதாக வரைந்து பின்னர் பெரிதாக்கினால் கோடுகள் மங்கும். நான்கு நிறங்களும் ஒளிபுகு அளவும் சேர்த்து ஒரு படப்புள்ளிக்கு 5 பைட்டுகள் எனக் கொண்டால், முழுவதும் நிரம்பிய ஓர் அடுக்குக்கு வேண்டிய நினைவகம் பின்வருமாறு:

- ஏறத்தாழ 5 × 3.5 செ.மீ. தீப்பெட்டி லேபிள், அங்குலத்திற்கு 600 புள்ளிகள்: 1181 × 827 படப்புள்ளிகள், சுமார் 5 மெகாபைட்டு.
- ஏ4 தாள், 300 புள்ளிகள்: 2480 × 3508 படப்புள்ளிகள், சுமார் 43 மெகாபைட்டு.
- 15 × 20 அங்குல நாட்காட்டிப் படம், 300 புள்ளிகள்: 4500 × 6000 படப்புள்ளிகள், 135 மெகாபைட்டு.

20 அடுக்குகள் கொண்ட நாட்காட்டிப் படம் இக்கணக்கின்படி 2.7 கிகாபைட்டு நினைவகத்தைக் கேட்கும். அதே எண்ணிக்கையிலான அடுக்குகள் கொண்ட தீப்பெட்டி லேபிளுக்கு 100 மெகாபைட்டு போதும். எனவே பழைய கணினி வைத்திருப்பவர் லேபிள், சிறுபடம் ஆகியவற்றில் தொடங்குவது இயல்பானது.

அச்சுக்கு அணியமாக்கல்

திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளால் நிறத்தை உண்டாக்குகிறது. ஆப்செட் அச்சு சியான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய மைகளால் உண்டாக்குகிறது. திரையில் ஒளிரும் பச்சையும் ஊதாவும் மையில் அதே பொலிவுடன் கிடைப்பதில்லை. மத்தாப்பின் ஒளியை வரைபவர் இதைக் குறிப்பாகக் கருத்தில் கொள்ள வேண்டும். தாளில் மிகுந்த ஒளி என்பது அச்சிடாது விடப்பட்ட வெண்மையே. சுற்றியுள்ள இருளின் அளவைக் கொண்டே பொறி ஒளிர்வதாகத் தோன்றும்.

இவற்றைக் கருதிப் பின்பற்றத்தக்க முறைகள்:

- அச்சகம் பயன்படுத்தும் நிற விவரக்கோப்பைக் கேட்டுப் பெற்று, கிரிட்டாவில் அதை ஏற்றி, அச்சு முன்னோட்டத்தை இயக்கியவாறு வரைதல்.
- மெல்லிய புறக்கோடுகளைக் கறுப்பு மையில் மட்டும் அமைத்தல். நான்கு மைகளையும் கலந்து கறுப்பாக்கினால், தகடுகள் நூலளவு விலகினாலும் கோட்டைச் சுற்றி நிற நிழல் தெரியும். சிறிய லேபிள்களில் இது எழுத்தையே படிக்க முடியாமல் செய்துவிடும்.
- வெட்டும்போது விளிம்பில் வெள்ளைக்கோடு தோன்றாதிருக்க நான்கு புறமும் 3 மி.மீ. கூடுதலாக வரைதல்.
- பொன்னிறம் போன்ற தனி மைகள் தேவையெனில் ஸ்கிரைபஸ் பக்க வடிவமைப்பு மென்பொருளில் அவற்றைத் தனி நிறமாக வரையறுத்தல்.
- இறுதிக் கோப்பைப் பிடிஎஃப் வடிவில் அளித்தல். அச்சகங்கள் பலவற்றில் கோரல்டிரா, போட்டோசாப் ஆகிய வணிக மென்பொருள்களே புழக்கத்தில் உள்ளன. இருவருக்கும் பொதுவான வடிவம் பிடிஎஃப் ஆகும்.

தமிழ் எழுத்துகள்

லேபிளில் படத்திற்கு இணையான இடம் எழுத்துக்கும் உண்டு. ஒருங்குறித் தமிழில் கொ, கௌ போன்ற எழுத்துகளை வரிசை பிறழாமல் காட்ட, எழுத்துருவைச் சரியாகக் கோக்கும் திறன் மென்பொருளுக்கு வேண்டும். ஸ்கிரைபஸின் நிலைப்பதிப்புகளில் இத்திறன் 2024 இல் வெளியான 1.6 பதிப்புடன் கிடைத்தது. அதற்கு முந்தைய 1.4 பதிப்பில் தமிழ்ச் சொற்கள் சிதைந்து தோன்றின. பாமினி போன்ற பழைய குறிமுறை எழுத்துருக்களில் தட்டச்சிட்ட உரை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். இங்க்ஸ்கேப்பில் எழுத்துகளைப் பாதைகளாக மாற்றி அனுப்பினால் எழுத்துரு இல்லாவிடினும் வடிவம் மாறாது. அவ்வாறு மாற்றுமுன் திருத்தத்தக்க மூலப்படியைத் தனியே சேமித்தல் நன்று.

தமிழ்நாட்டுப் பின்னணி

தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் 2007 ஆம் ஆண்டளவில் தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றத் தொடங்கியது. சென்னையில் உள்ள சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கியது. 2011 ஆம் ஆண்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியபோது விண்டோசுடன் பாஸ் லினக்ஸும் அவற்றில் நிறுவப்பட்டிருந்தது. இதனால் விருதுநகர் மாவட்டம் உட்பட மாநிலமெங்கும் எளிய குடும்பத்து மாணவர்களின் வீடுகளில் லினக்ஸ் உள்ள கணினி வந்து சேர்ந்தது.

சிறிய வரைபலகை ஒன்றை இத்தகைய கணினியுடன் இணைத்து, கட்டற்ற மென்பொருள்களை நிறுவினால், உரிமக் கட்டணம் எதுவுமின்றி அச்சுக்கேற்ற படத்தை வரைய இயலும். சந்தா முடிந்ததும் பழைய படங்களைத் திறக்க முடியாமல் போகும் நிலையும் இதில் இல்லை. கிரிட்டாவின் கோப்பு வடிவம், இங்க்ஸ்கேப்பின் கோப்பு வடிவம் ஆகிய இரண்டும் வெளிப்படையானவை. பல ஆண்டுகளுக்குப் பின்னரும் ஓவியர் தம் மூலப்படத்தைத் திறந்து, மறுபதிப்புக்கு வேண்டிய திருத்தத்தைத் தாமே செய்துகொள்ளலாம்.

ஒரு பலகை லிப்வாகொம் தொகுப்பில் இல்லையெனில், அதன் விவரங்களை எளிய உரைக்கோப்பாக எழுதி அத்திட்டத்திற்கு அனுப்பலாம். அது ஏற்கப்பட்டு வெளியானபின், அதே பலகையை வாங்கும் பிற பயனர்களுக்கு அத்தொகுப்பின் புதிய பதிப்புடன் அவ்விவரங்களும் கிடைத்துவிடும்.